தாயகத்துக்கு ஒரு தொழில் சுற்றுலா: சந்திப்புகள் நன்று, கால அட்டவணை சுமார்

மலேசியத் தமிழ் வணிகர்களைக் குழுவாகத் தமிழ்நாட்டுக்கு அழைத்துச் சென்று, தொழில் சந்திப்புகளையும் கோயில்களையும் ஒரே பயணத்தில் அடக்கித் தரும் ஒரு சேவையில் இந்த ஆண்டு பிப்ரவரியில் சேர்ந்து சென்று வந்தேன். திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர், காரைக்குடி, திருப்பூர், கோயம்புத்தூர் என்று சுற்றி, மீண்டும் திருச்சிக்கே திரும்பும் பாதை. தங்குமிடம், பேருந்து, காலை உணவு, சந்திப்புகளுக்கான ஏற்பாடு ஆகியவை கட்டணத்தில் அடங்கும். விமானச் சீட்டும் விசாவும் நம் பொறுப்பு.

விசாவிலேயே முதல் குறை தொடங்கியது. இந்திய மின்விசாவில் சுற்றுலாவுக்கு ஒரு வகையும் வணிகத்துக்கு வேறொரு வகையும் உண்டு. ஆலைக்குச் சென்று விலை பேசப் போகிறவர் வணிக விசா எடுப்பதே முறை. ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய குறிப்பிலோ “மின்விசா எடுத்துக்கொள்ளவும்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. பாதிப்பேர் சுற்றுலா விசாவோடு வந்திருந்தார்கள். குடிநுழைவில் யாருக்கும் சிக்கல் வரவில்லை என்பதற்காக இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிட முடியாது.

பயணத்தின் சிறந்த பகுதி ஆத்தங்குடி. காரைக்குடிக்கு அருகிலுள்ள அந்தக் கிராமத்தில் தரைக்கற்கள் செய்யும் பட்டறை ஒன்றில் எங்களுக்கு முழுக் காலைப்பொழுதையும் ஒதுக்கியிருந்தார்கள். கண்ணாடிப் பலகையின் மேல் சட்டத்தை வைத்து, பூவேலை அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்தபின் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்பது கைப்பழக்கம். அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, காயவைத்து, நீரில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடியிலிருந்து கல் தானாகவே பிரிந்துவிடுகிறது. சூளையும் இல்லை, மெருகெண்ணெயும் இல்லை. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் பளபளப்பு. எங்கள் குழுவில் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகளைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். உடைந்த பழைய கல் ஒன்றின் படத்தைக் காட்டி இதே வண்ணத்தில் முடியுமா, கன்டெய்னரில் எத்தனை சதவீதம் உடையும், கனம் எவ்வளவு என்று அவர் கேட்கக் கேட்க, பட்டறைக்காரர் மாதிரிக் கற்களை எடுத்துத் தரையில் அடுக்கத் தொடங்கிவிட்டார். பிற்பகலில் கானாடுகாத்தான் மாளிகைகளைப் பார்த்தபோது, பர்மாத் தேக்குத் தூண்களைவிடக் காலடியில் இருந்த தரையையே எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தொழிலும் ஊர் பார்ப்பதும் ஒரே இடத்தில் கூடிவந்த அந்த ஒரு நாளைப் போலவே மற்ற நாள்களும் அமைக்கப்பட்டிருந்தால் இந்த மதிப்புரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

திருப்பூர் சந்திப்பு பயனுள்ளதுதான்; அங்கே போய்ச் சேர்ந்த விதம் சரியில்லை. திருச்சியிலிருந்து கரூர், காங்கேயம் வழியாகச் சென்றோம். படுக்கைவிரிப்பு, மேசைவிரிப்பு, சமையலறைத் துணிகளுக்குப் பேர்போன கரூரைச் சன்னலோரம் பார்த்துக்கொண்டே கடந்தோம். குழுவில் அதே சரக்கை விற்பவர்கள் இருந்தும் வண்டி நிற்கவில்லை. திருப்பூரில் பின்னலாடை ஆலைக்காரர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். சாயத் தொட்டியில் ஒரு நிறத்துக்குக் குறைந்தது இவ்வளவு எடைத் துணி இறங்கினால்தான் கட்டுப்படியாகும் என்பதால், ஐந்து நிறத்தில் சில நூறு டி-ஷர்ட்டுகள் கேட்கும் சிறு வியாபாரியை அவர்களால் ஏற்க முடிவதில்லை. சாயக் கழிவுநீர் நொய்யலில் கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் செலவு அதன்பின் விலையில் ஏறியதையும் அவரே சொன்னார். கிள்ளானில் உட்கார்ந்து மின்னஞ்சலில் விலை கேட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் விளங்கியிருக்காது. எங்களில் சிலர் அங்கேயே கூடிப் பேசி, ஒரே நிறத்துக்குச் சேர்ந்து ஆர்டர் கொடுக்க முடிவு செய்தார்கள். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர், பம்ப் செட் நிறுவனத்தாரைச் சந்தித்ததோ ஓட்டல் அரங்கில், படக்காட்சியோடு. உணவகம் நடத்துவோருக்குச் சில முகவரிகள் கிடைத்தன, அவ்வளவே.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நண்பகலில் அழைத்துச் சென்றதை என்னவென்று சொல்வது? செருப்பை வாசலில் விட்டுவிட்டு அந்தக் கல்தரையில் நடந்த முதியவர்கள் நிழல் தேடி ஓடினார்கள். ஆயினும் வழிகாட்டி கெட்டிக்காரர். 1010இல் இராசராசன் கட்டி முடித்த கோயில் என்பதோடு நிறுத்தாமல், அவன் மகன் இராசேந்திரன் கடாரம் வென்றதைச் சொல்லும் கல்வெட்டு இக்கோயிலிலேயே இருப்பதையும் விளக்கினார். கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். அங்குள்ள சுங்கை பட்டாணியிலிருந்து வந்திருந்தவர்கள், தங்கள் ஊரை வென்ற செய்திக்குத் தாங்களே கைதட்டினார்கள். அட்டவணையில் அச்சிட்டிருந்த கங்கைகொண்ட சோழபுரம் நேரமில்லை என்று கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை. நாகப்பட்டினம் அட்டவணையிலேயே இல்லை. சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் வந்த ரஜூலா கப்பலைப் பற்றித் தாத்தா பாட்டி வாயால் கேட்டவர்கள் நிறைந்த ஒரு குழுவுக்கு, அந்தத் துறைமுகத்தைக் காட்டாமல் தாயகப் பயணம் என்று பெயர் வைப்பது பொருந்தவில்லை.

சொந்த ஊர் தேடலுக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். காருக்குத் தனிக் கட்டணம். முன்கூட்டியே நிரப்பித் தந்த படிவத்தில் “சொந்த ஊர்” என்று ஒரே ஒரு கட்டம்தான். புதூர் என்றோ ஆலம்பட்டி என்றோ எழுதிக் கொடுத்தால் எந்தப் புதூருக்கு வண்டி விடுவது? வட்டத்தின் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியமாகக் குலதெய்வத்தைக் கேட்டிருக்க வேண்டும். ரப்பர் தோட்டத்தில் மூன்று தலைமுறை பால்மரம் சீவிய குடும்பங்களில் ஊர்ப் பெயர் மறந்திருக்கும், சாமி பெயர் மறந்திருக்காது. துறையூர்ப் பக்கம் என்று மட்டுமே அறிந்திருந்த ஓர் அம்மாவுக்கு ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஏற்பாட்டாளர்கள் அல்லர், கார் ஓட்டுநர். “உங்க கும்பிடு சாமி எதும்மா?” என்று கேட்டு, டீக்கடையில் விசாரித்து, கோயில் பூசாரி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். அங்கே பங்காளி முறையில் ஒருவர் கிடைத்தார். மாலைச் சந்திப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஏற்பாட்டாளர்கள் கைப்பேசியில் அழைத்துக்கொண்டே இருந்ததால், அந்த உறவினர் வீட்டில் வைத்த சாப்பாட்டைக்கூட அந்த அம்மா முழுதாகச் சாப்பிடவில்லை.

அடுத்த குழுவில் சேர விரும்புவோர் முன்பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தச் சந்திப்பு ஆலையில், எது ஓட்டலில், அட்டவணையிலுள்ள இடம் விடுபட்டால் பணம் திரும்புமா, சொந்த ஊருக்கு முழு நாள் தருவார்களா. துணி, தரைக்கல், உணவக உபகரணம் ஆகிய தொழில்களில் இருப்போருக்குக் கட்டணம் வீண்போகாது. கோயில்களை நிதானமாகப் பார்க்க விரும்புவோர் தனியே வண்டி அமர்த்திக்கொள்வதே மேல்.