அலையாத்திக் கன்றா, வாய்க்காலா, கடற்புல்லா?

திருப்பூரில் நாங்கள் பின்னலாடைத் தொழிலில் இருக்கும் நாலைந்து பேர் இந்த வருடம் கடற்கரைக்கு ஏதாவது செய்யலாம் என்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறோம். “முத்துப்பேட்டையில அலையாத்திக் கன்று நட்டுரலாமுங்க, போட்டோவும் நல்லா வரும்” என்றார் ஒருவர். (அலையாத்தி என்றால் கடலோரச் சேற்றில் வளரும் சதுப்புநில மரம், மாங்குரோவ்.) எனக்கு அங்கேயே உறுத்தியது.

நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் சாயப்பட்டறைத் தண்ணீர் ஏறி உப்புப் பூத்துக் கிடந்த விளைநிலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், மண் கெட்ட இடத்தில் எந்த நாற்றை வைத்தாலும் கருகும். அலையாத்தி உப்பைத் தாங்கும் மரம்தான், ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டு. சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஆங்கிலேயர் காலத்தில் கூறு போட்டு மொட்டையாக வெட்டினார்கள். மரம் போன இடத்தில் மண் அமுங்கிப் பள்ளமாகி, ஓதத்தில், அதாவது கடல் ஏற்றத்தில், ஏறிய தண்ணீர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே தேங்கி வெயிலில் வற்றி, கடைசியில் உப்புதான் மிஞ்சியது. அதில் கன்று நட்டு என்ன பயன்?

அதனால் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைகள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரியே இருக்கும். ஓதம் ஏறும்போது புதுத் தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கன்றெல்லாம் அதற்கு அப்புறம்தான். குறை என்னவென்றால், வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கும். வருடா வருடம் தூர் வாராவிட்டால் செலவழித்தது அத்தனையும் வீண், இது காளிங்கராயன் வாய்க்கால் பாசனக்காரர்களுக்குத் தெரியாததா?

மூன்றாவது கடற்புல். கடற்பசுவுக்கு, அதாவது ஆவுளியாவுக்கு, சோறே அதுதான். வளர்ந்த ஒன்று நாளைக்கு 30 கிலோவுக்கு மேல் மேயும். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை கடற்பசுவுக்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது, நாட்டிலேயே முதலாவது. புல் அழிந்த இடத்தில் மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு இழுத்துக் கட்டி, வேரோடு எடுத்த புல்லைக் கொத்துக் கொத்தாக முடிந்து, ஆழம் குறைந்த அடியில் இறக்கி வைக்கிறார்கள். புல் வேர் பிடித்துப் பரவுவதற்குத்தான் சட்டம், மூங்கிலும் கயிறும் பிறகு அங்கேயே மக்கிவிடும். (பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கயிறு என்றதும் சந்தோஷம்.) ஆனால் ஒரு இழுவலை ஒருமுறை ஓடினால் உழுத மாதிரி எல்லாம் பெயர்ந்துவிடும். தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் வெளிச்சம் இல்லாமலும் சாகும். கடற்பசுவோ சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டிதான் போடும், அதனால் நாம் புல் வைத்த அடுத்த வருடமே கணக்கில் கூடிவிடாது.

கடற்பசுதான் குறி என்றால் பணம் கடற்புல்லுக்குப் போகட்டும், அதுவும் இழுவலை வராத இடமாகப் பார்த்து. மீன், இறால் குஞ்சுகளும் அவற்றைத் தின்ன வரும் பறவைகளும்தான் குறி என்றால் அலையாத்திக் காட்டு வாய்க்காலைத் தூர் வாரக் கொடுப்போம். நான் முத்துப்பேட்டையில் தூர் வாருவதற்குத்தான் கை தூக்கினேன், ஏனென்றால் அங்கே போவது நம் பவானியும் நொய்யலும் அமராவதியும் கலக்கும் காவிரியின் கடைமடைத் தண்ணீர். போட்டோ கேட்டவரை முட்டியளவு சேற்றில் மண்வெட்டியோடு நிற்க வைத்து ஒன்று எடுத்துக் கொடுத்துவிடலாம்.