பனிக்கட்டி இறக்கம்: எஞ்சின் பிரேக்கா, கால் பிரேக்கா?

கலிபோர்னியாவின் டோனர் கணவாய். 7,239 அடி உச்சியிலிருந்து இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில் சரக்கில்லாமல் இறங்கும் செமி டிரக்குக்கு (முன்னால் இழுக்கும் டிராக்டர், பின்னால் சரக்கேற்றும் டிரெய்லர்) எது நல்லது?

சாலை காய்ந்திருந்தால், எஞ்சினின் எதிர்ப்பாலேயே வேகத்தைக் குறைக்கும் எஞ்சின் பிரேக்தான் ராஜா; சக்கரங்களின் பிரேக் டிரம் சூடேறாது. ஆனால் அதன் பிடி டிராக்டரின் இயக்கச் சக்கரங்களில் மட்டுமே விழும். மேலே பாரம் இல்லாததால் பனிக்கட்டியில் அவை வழுக்கும். பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள, வண்டி மடக்குக்கத்தி போல் மடங்கிவிடும்.

கால் பிரேக் பிடியை எல்லா அச்சுகளுக்கும் பகிர்கிறது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் துணைக்கு உண்டு. உச்சியிலேயே கீழ் கியருக்கு மாறி, எஞ்சின் பிரேக்கை அணைத்து, மிதியை மெல்ல அழுத்தி அழுத்தி விட வேண்டும். சுமார் 15 டன் காலி வண்டியில் டிரம் சூடேறும் பயம் குறைவு. டிரெய்லர் பிரேக்கைத் தனியாக இழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். வால் தலையை முந்திக்கொண்டு வரும்.