செஸ் ரேட்டிங் 800-லேயே நிற்கிறதா? எந்தப் பயிற்சிக்கு நேரம் கொடுக்கலாம்

செஸ்.காம் தளத்தில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்) 600-க்கும் 900-க்கும் நடுவே மாதக்கணக்கில் சிக்கிக் கிடப்பவர்களின் ஆட்டங்களைப் புரட்டினால் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காவல் இல்லாமல் நின்ற காயை எதிராளி சும்மா வெட்டிக்கொண்டு போயிருப்பார். இல்லையென்றால், எதிராளி சும்மா விட்ட காய் இவர் கண்ணிலேயே பட்டிருக்காது. அதனால் கீழே வரும் ஒவ்வொரு வழியிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம்: ஒரே நகர்த்தலில் காய் பறிபோவதை இது குறைக்குமா?

லிசெஸ் என்ற இன்னொரு தளத்தில் ஆடுபவர்களுக்கு ஒரு விஷயம்: அங்கே புதுக் கணக்கே 1500-இல் தொடங்குகிறது. இரண்டு தளங்களின் எண்களையும் ஒப்பிட்டு மகிழவோ வருந்தவோ வேண்டாம்.

பிளிட்ஸா, ரேபிடா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஆட்டம் 40 நகர்த்தல் போகும் என்று வையுங்கள். மூன்று நிமிட பிளிட்ஸில் ஒரு நகர்த்தலுக்குக் கிடைப்பது நாலரை விநாடி. கொஞ்சம் நிதானமான ரேபிட் வகையில், 10 நிமிட ஆட்டத்தில் 15 விநாடி. 15 நிமிடமும் நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதலும் உள்ள ஆட்டத்தில் 32 விநாடிக்கு மேல்.

தொடக்கநிலையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். எதிராளி இப்போது வைத்த காய் எதைத் தாக்குகிறது, எதைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு வந்தது? எனக்கு செக், வெட்டு, மிரட்டல் ஏதாவது இருக்கிறதா? நான் வைக்கப்போகும் கட்டத்தில் என் காய் பிழைக்குமா? பழகாதவருக்கு இதற்கே 20, 25 விநாடி ஆகும். நாலரை விநாடியில் நடக்கிற காரியமில்லை. ஆக, பிளிட்ஸ் ஆடும்போது பார்க்காமல் வைக்கும் பழக்கம்தான் ஊறுகிறது. 15 நிமிடமும் 10 விநாடியும் தரும் 15+10 ரேபிடுக்கே எங்கள் ஓட்டு.

ஆனந்த் சிறுவயதில் சென்னையின் டால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தவர்தானே என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு வேகம் கூர்மை தரும். பார்க்கவே இன்னும் பழகாத கண்ணுக்கு அது எதையும் தராது.

‘பாட்’ எனப்படும் கணினி ஆட்டக்காரருடன் ஆடுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். கீழ்நிலை பாட் நன்றாக ஆடிக்கொண்டே வந்து திடீரென்று காரணமில்லாமல் ராணியைத் தூக்கிக் கொடுக்கும். மனிதர்கள் அப்படித் தப்பு செய்வதில்லை. ஆசையிலோ அவசரத்திலோதான் செய்வார்கள். விதிகள் பழகும்வரை பாட் போதும், பிறகு மனிதர்களோடு ஆடுங்கள்.

பஸில்: கடினமானதா, சுலபமானதா?

சுலபமானது. பலர் ஒப்புக்கொள்ள மறுக்கும் இடம் இதுதான். பஸில் என்பது ஒரு நிலையைக் கொடுத்து சரியான நகர்த்தலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர். ரேட்டிங் பஸில் உங்கள் தரத்துக்கேற்ப ஏறிக்கொண்டே போகும். கொஞ்ச நாளில் நாலு நகர்த்தல் ஆழமுள்ள தியாகங்களில் நிற்பீர்கள். ஆட்டத்திலோ ஒரு நகர்த்தல் ஃபோர்க்கை (ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்குவது) தவறவிட்டுக்கொண்டிருப்பீர்கள். பஸில் ரேட்டிங் 1600, ஆட்ட ரேட்டிங் 800 என்ற விநோதம் இப்படித்தான் உண்டாகிறது.

லிசெஸ்ஸில் பஸிலின் கடினத்தைக் குறைத்துக்கொள்ளலாம், கருப்பொருள்வாரியாகவும் எடுக்கலாம். காவலற்ற காய், ஒரு நகர்த்தலில் மேட், இரண்டு நகர்த்தலில் மேட், ஃபோர்க், ‘பின்’ (பின்னால் பெரிய காய் இருப்பதால் முன்காய் நகர முடியாமல் நிற்பது) ஆகிய ஐந்தும் முதல் இரண்டு மாதத்துக்குப் போதும். எல்லாம் இலவசம். செஸ்.காமின் இலவசக் கணக்கில் நாளுக்குச் சில பஸில்தான் கிடைக்கும். லிசெஸ்ஸில் மூன்று நிமிடக் கடிகாரம் ஓடும் ‘ஸ்டார்ம்’ என்ற பஸில் ஓட்டம் ஈர்க்கத்தான் செய்யும். ஆனால் கடிகாரமே இல்லாமல் சுலபத்தில் தொடங்கி மெல்ல ஏறும் ‘ஸ்ட்ரீக்’ இந்த நிலைக்கு நல்லது. ஒரு தப்பு செய்தால் ஆட்டம் முடிந்தது என்பதால் ஊகித்து வைக்கும் கை தானாக நிற்கும்.

பஸிலுக்கு ஒரு குறை உண்டு. ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, ஆட்டத்தில் யாரும் சொல்வதில்லை. மேலும் அது உங்கள் தாக்குதலைத்தான் பழக்கும். எதிராளியின் மிரட்டலைக் காணும் பழக்கம் அதிலிருந்து அவ்வளவாக வராது. அதனால் பஸில் மட்டும் போடுகிறவர்கள் ஓரளவுக்கு மேல் ஏறுவதில்லை.

ஓப்பனிங்: மனப்பாடமா, மூன்று விதியா?

இத்தனை வழிகளில் அதிக நேரம் தின்று குறைந்த பலன் தருவது ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள்) மனப்பாடம். 12 நகர்த்தல் வரிசையைப் படித்திருப்பீர்கள். 800 ரேட்டிங் எதிராளி மூன்றாவது நகர்த்தலிலேயே புத்தகத்தை விட்டு வெளியே போயிருப்பார்.

‘லண்டன் என்ற வெள்ளைக்கான ஓப்பனிங் போதும், எதிராளி எது ஆடினாலும் அதே அமைப்பு’ என்பதும் ஆபத்தான அறிவுரை. வெள்ளையின் பிஷப் எஃப்4 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை) போனதும் பி2 சிப்பாய்க்குக் காவல் போய்விடுகிறது. கறுப்பு சிப்பாயை சி5-இல் வைத்து ராணியை பி6-க்குக் கொண்டுவந்தால் அந்தச் சிப்பாய்க்கு அடி. அமைப்பை மட்டும் மனப்பாடம் செய்தவர் அதைப் பார்க்காமல் அடுத்த காயை வைத்துக்கொண்டிருப்பார்.

நடுவில் ஒரு சிப்பாய், குதிரையும் பிஷப்பும் வெளியே, பத்து நகர்த்தலுக்குள் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது). இவ்வளவு போதும். கூடவே ஒரே ஒரு பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள்: வெள்ளை சிப்பாய் ஈ4, கறுப்பு சிப்பாய் ஈ5, வெள்ளை ராணி ஹெச்5. கறுப்பு குதிரையை சி6-இல் வைத்து ஈ5-ஐக் காக்கும், வெள்ளை பிஷப் சி4-க்கு வரும். இங்கே ராணியை விரட்டும் ஆவலில் குதிரையை எஃப்6-இல் வைத்தால் எஃப்7-இல் மேட். சிப்பாயை ஜி6-இல் வையுங்கள். ராணி எஃப்3-க்குப் பின்வாங்கி மறுபடி மிரட்டினால் அப்போது குதிரை எஃப்6 சரி. இதன்பின் வெள்ளைதான் ராணியோடு அலைந்து நேரத்தை இழந்தவர்.

எண்ட்கேம்: கொஞ்சம், ஆனால் கட்டாயம்

எண்ட்கேம் என்பது சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டம். எதிராளியின் தனி ராஜாவை ராணியோடு ராஜா வைத்து மேட் செய்ய அதிகபட்சம் 10 நகர்த்தல், ஒரு யானையோடு என்றால் 16. இரண்டையும் கணினியோடு ஆடி, தொடர்ந்து ஐந்து முறை வெல்லும்வரை பழகுங்கள். ராணி மேட்டில் வழக்கமான விபத்து ஸ்டேல்மேட். எதிர் ராஜாவிலிருந்து குதிரை தாண்டும் தூரத்தில் ராணியை வைத்து, அது நகரும் திசையிலேயே பின்தொடர்வது சரியான முறைதான். ஆனால் ராஜா ஹெச்8 மூலைக்குள் போனபின்பும் ராணியை எஃப்7-இல் வைத்தால் போக வழியில்லை, செக்கும் இல்லை, ஆட்டம் டிரா. மூலைக்குப் போனதும் பின்தொடர்வதை நிறுத்தி உங்கள் ராஜாவைக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது, ஒரே சிப்பாய் மிஞ்சிய நிலையில் ராஜாக்கள் எதிரெதிரே நிற்கும் ‘ஆப்பொசிஷன்’. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றினால், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14-வது ஆட்டத்தைப் பாருங்கள். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன, பிஷப்புகளையும் மாற்றிக்கொள்ள குகேஷுக்கு வழி கிடைத்தது. மிஞ்சியது சிப்பாய் எண்ட்கேம், ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்த குகேஷ் உலகச் சாம்பியன்.

அலசல்: எஞ்சின் முதலிலா, கண் முதலிலா?

ஆட்டம் முடிந்ததும் எஞ்சின் (நகர்த்தல்களை மதிப்பிடும் செஸ் நிரல்) பொத்தானை அழுத்தி, துல்லியம் 81 சதவீதம் என்று பார்த்து மூடிவிடுவது அலசல் இல்லை. எதிராளி மோசமாக ஆடினால் அந்தச் சதவீதம் தானாக ஏறும். சிறந்த நகர்த்தலுக்குத் தளம் குத்தும் ‘பிரில்லியண்ட்’ முத்திரைகளும் அப்படித்தான், பார்க்க அழகு.

முதலில் எஞ்சின் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் எங்கே கைவிட்டுப் போனது என்று நீங்களே குறியுங்கள், பிறகு எஞ்சினைத் திறந்து சரிபாருங்கள். யார் எவ்வளவு முன்னிலை என்று சிப்பாய்க் கணக்கில் சொல்லும் மதிப்பீடு 1.3-இலிருந்து 0.6-க்கு இறங்கியதெல்லாம் உங்களுக்கு வேண்டாத தகவல். இரண்டுக்கு மேல் குதித்த இடங்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் எழுதுங்கள்: காய் காவலற்று நின்றது, மிரட்டலைப் பார்க்கவில்லை, வெட்டுக் கணக்கு தப்பு, நேரமில்லை. 20 ஆட்டம் சேர்ந்தால் எது அதிகம் என்று தெரியும். அதற்கேற்ற பஸிலைத் தேர்ந்தெடுக்கலாம். குகேஷுக்கு அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வெகுகாலம் எஞ்சினைக் கையில் கொடுக்கவில்லை என்பது தெரிந்த கதை. 800-இல் அந்த அளவு கட்டுப்பாடு தேவையில்லை. எஞ்சின் இரண்டாவதாக வந்தால் போதும்.

வாரம் ஐந்து மணி நேரம் இருக்கிறது என்றால் இப்படிப் பிரிக்கலாம்: நாலு ஆட்டத்துக்கு இரண்டரை மணி, ஒவ்வொன்றின் அலசலுக்கும் 20 நிமிடம், பஸில் தினமும் 10 நிமிடம். எண்ட்கேமுக்கு முதல் இரண்டு வார பஸில் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோச்சா, யூடியூபா?

யூடியூப் பார்ப்பது இனிமையான வேலை. பார்க்கும்போது எல்லாம் புரியும், பலகையில் கை வராது. வீடியோவை நிறுத்தி அடுத்த நகர்த்தலை நீங்களே சொல்லிப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் பயன்.

கோச்சுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். காவலற்ற காயைக் காட்ட மணிக்கணக்கில் கட்டணம் எதற்கு? தப்புப் பட்டியலில் ஒரு நகர்த்தல் பிளண்டர்கள் (பெருந்தவறுகள்) அரிதாகி, ‘என்ன திட்டம் போடுவது என்றே தெரியவில்லை’ என்ற ஆட்டங்கள் சேரத் தொடங்கும்போது போங்கள். அப்போது முதல் வகுப்பிலேயே உங்கள் ஆட்டங்களைக் கேட்கிறாரா என்று கவனியுங்கள். கேட்காமல் ஓப்பனிங் பாடம் ஆரம்பிப்பவர் என்றால் வேறு ஆளைத் தேடலாம்.