சிவப்புப் பட்டை நோய்: தாமிரமா, அரிவாளா, மாற்று இனமா?

நியூசிலாந்தில் மரத்துக்காக வளர்க்கும் ரேடியாட்டா பைன் தோட்டங்களில், இந்த நோயைத் தரும் டோதிஸ்ட்ரோமா பூஞ்சை 1964இல் கண்டறியப்பட்டது. ஊசியிலையில் செந்நிறப் பட்டை விழும், நுனி காயும், இலை உதிரும். கீழ்க்கிளையில் தொடங்கி மேலேறும். மரம் லேசில் சாகாது, ஆனால் பருக்காது; இழப்பு அங்கேதான். ரேடியாட்டா 15 வயதைக் கடந்தால் பெரும்பாலும் தானே தாக்குப்பிடிக்கும். அதுவரை பச்சையை எப்படிக் காப்பது என்பதே கேள்வி.

அங்கே பழகிப்போன வழி, விமானத்திலிருந்து தாமிர மருந்து. எக்டேருக்குச் சுமார் 0.86 கிலோ தாமிரம், 2 லிட்டர் எண்ணெய், தண்ணீர் சேர்த்து மொத்தமே 5 லிட்டர். இவ்வளவு குறைவாகத் தெளிப்பதால் துளி பொடியாக இருக்க வேண்டும். பொடித்துளி காற்றிலேயே காய்ந்துவிடாமல் எண்ணெய் தடுக்கும். தாமிரம் இலைமேல் விழும் பூஞ்சை வித்து முளைப்பதைத் தடுக்குமே தவிர, உள்ளே புகுந்த பூஞ்சையைத் தொடாது. பலர் சறுக்குவது இங்கேதான். தொற்று ஏறுவது கோடையின் ஈரத்தில். பட்டை தெரிவதோ வாரங்கள், மாதங்கள் கழித்து. சிவந்ததைப் பார்த்துத் தெளித்தால் காசுக்குத்தான் கேடு. தோட்டத்தின் சராசரி பாதிப்பு 15 முதல் 25 சதவீதத்தைத் தொட்டதா என்று முன்பே கணக்கெடுத்து, கோடை தொடங்கும்போது, புதுத்தளிர்மேல் மருந்து விழும்படி தெளிக்க வேண்டும்.

கிளை கழிப்பதும் நெருக்கம் குறைப்பதும் வேறு கணக்கு. நோயுள்ள கீழ்க்கிளை போனால் வித்தின் ஊற்று குறையும்; காற்றோட்டத்தில் இலை சீக்கிரம் உலரும். நெருக்கம் குறைக்கும்போது நோய்பட்ட மரத்தையே முதலில் குறியிட்டு வெட்டுங்கள்; வரிசைக்கு ஒன்றெனக் கண்ணை மூடி வெட்டினால் பாதிப் பலன்தான். ஆபத்தும் உண்டு. பாதி இலையை நோய் தின்ற மரத்தில் மீதிப் பச்சையையும் கழித்தால் வளர்ச்சி இரட்டை அடி வாங்கும். அப்படிப்பட்ட தோட்டத்தில் ஒரு பருவம் தாமிரம் தெளித்து, பச்சை தேறிய பிறகு அரிவாளை எடுப்பதே சரி.

இனத்தை மாற்றுவது அடுத்த நடவுக்கான முடிவு. கென்யாவில் இந்த நோயால் ரேடியாட்டாவையே கைவிட்டு பட்டுலா பைன் என்ற வேறு இனத்துக்குப் போனார்கள். பிரிட்டனில் கோர்சிகன் பைன் நடுவது நின்றுபோனதும் இதனால்தான். நியூசிலாந்து ரேடியாட்டாவை விடவில்லை. எதிர்ப்புத்திறன் கூடிய மரங்களைப் பொறுக்கி விதை எடுத்தது. அந்த நாற்றுக்கும் நோய் வரும், குறைவாக வரும். தெளிப்புச் செலவில் மிச்சம் பிடிக்கலாம். ஈரம் தேங்கும் பள்ளத்தில் அதை மட்டும் நம்பி நடாதீர்கள்.