சேர்வர் வாடகைக்கு எடுக்குமுன் முறைப்பாட்டு முகவரியைப் பாருங்கள்

நிலாவெளியில் நாங்கள் நடத்தும் சிறிய விருந்தினர் விடுதிக்கான முன்பதிவுகளை எங்கள் இணையத்தளமே பெற்று, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலையும் தானாக அனுப்பிவிடும். கடந்த பருவத்தில், மே மாத இறுதியில் இருந்து, அம்மின்னஞ்சல்கள் பலருக்குப் போய்ச் சேரவில்லை. மட்டக்களப்பிலிருந்து வரவிருந்த ஒரு குடும்பம் பதிலுக்குக் காத்திருந்து களைத்து, உப்புவெளியில் வேறு இடம் பார்த்துக்கொண்டது. முற்பணம் கட்டிய இன்னொருவர் தொலைபேசியில் எங்களைக் கள்ளர் என்றே சொல்லிவிட்டார். அந்தச் சொல் இன்னும் வலிக்கிறது.

எங்கள் தளம் இயங்கும் கணினியான சேர்வரை வாடகைக்குத் தந்த நிறுவனத்தைக் கேட்டபோது, "உங்கட சேர்வரில ஒரு பிழையும் இல்லை அண்ணா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். உண்மையில், எங்கள் ஐ.பி. முகவரி (இணையத்தில் ஒரு சேர்வரை அடையாளம் காட்டும் எண்) அடங்கிய 256 முகவரிகள் கொண்ட தொகுதி முழுவதும், மின்னஞ்சல் சேவைகள் பார்த்து அஞ்சலை மறுக்கும் தடுப்புப் பட்டியலொன்றில் ஏறியிருந்தது. அதே தொகுதியிலுள்ள வேறொரு சேர்வர் தொடர்ந்து குப்பை அஞ்சல் அனுப்பியதும், முறைப்பாடுகளுக்கு எவரும் பதிலளிக்காததுமே காரணம் எனப் அப்பட்டியலின் இணையப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது.

ஏன் பதிலளிக்கவில்லை என்பதை, ஒரு ஐ.பி. முகவரி யாருடையது என்று எவரும் தேடிப் பார்க்கக்கூடிய ஹூயிஸ் தரவுத்தளம் காட்டியது. ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கான ஐ.பி. முகவரிகளைப் பதிவுசெய்யும் ஏப்னிக், 2010 முதல் ஒவ்வொரு பதிவிலும், குப்பை அஞ்சல் போன்றவை பற்றி அறிவிக்க ஒரு முறைப்பாட்டு மின்னஞ்சல் முகவரி இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தியுள்ளது. 2019 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வரும். 15 நாட்களுக்குள் உறுதிப்படுத்தாவிட்டால், முகவரி செல்லாதது என்ற குறிப்பு பதிவிலேயே விழும். எங்கள் நிறுவனத்தின் பதிவில் அந்தக் குறிப்பு எல்லோரும் பார்க்கக்கூடியவாறு கிடந்தது. நான் அந்த முகவரிக்கு அனுப்பிய மின்னஞ்சலும், அப்படியொரு அஞ்சல் பெட்டியே இல்லை என்ற செய்தியுடன் ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தது. பக்கத்து வாடிக்கையாளரைப் பற்றி உலகம் அனுப்பிய முறைப்பாடுகள் எல்லாம் இப்படித்தான் திரும்பிப் போயிருக்கும்.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் உங்களுக்குத் தரப்படவிருக்கும் ஐ.பி. முகவரியைக் கேட்டு வாங்கி, ஏப்னிக்கின் ஹூயிஸில் தேடி, உறுதிப்படுத்திய திகதி அண்மையதா என்று பாருங்கள். திகதி சரியாக இருப்பது மட்டும் போதாது; பெட்டி இயங்குகிறது என்பதற்கே அது சான்று, அதை ஒருவர் வாசிக்கிறார் என்பதற்கு அல்ல. அதனால் நீங்களே ஒரு சிறு கேள்வியை அனுப்பி, மனிதர் ஒருவர் பதில் எழுதுகிறாரா என்று இரண்டு நாட்கள் பொறுத்துப் பாருங்கள். பெரிய நிறுவனத்திடம் எடுத்துச் சில்லறையாக விற்பவர்களிடம் வாங்கினால், பதிவில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பெரிய நிறுவனத்தின் முகவரியாக இருக்கும், அதையும் சோதியுங்கள்.

குப்பை அஞ்சலை நிறுத்தும் அதிகாரம் ஏப்னிக்குக்கு இல்லை. ஆனால் செல்லாத தொடர்பு விபரங்களை அறிவிக்க அதன் தளத்தில் ஒரு படிவம் உண்டு; அதை நிரப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகஸ்டில் வேறு சேர்வருக்கு மாறினோம். ஓராண்டுக்கு முன்கூட்டியே கட்டிய பணத்தில் ஒரு சதமும் இதுவரை திரும்பி வரவில்லை.