15 வெள்ளிக்கு ஐந்து நோலன் ரயன் அட்டைகள்

செங்காங் எம்ஆர்டி கேட்டுக்கு வெளியே நின்று வாங்கினேன். டாப்ஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் முதல் ஐந்து. ஐந்திலும் ஒரே ஆள்தான், அமெரிக்கப் பேஸ்பாலில் பந்து வீசிய நோலன் ரயன். முதல் அட்டை போக, மெட்ஸ், ஏஞ்சல்ஸ், ஆஸ்ட்ரோஸ், ரேஞ்சர்ஸ் என்று அவர் ஆடிய நான்கு அணிக்கும் ஒவ்வொன்று. அந்த வருடம் அச்சடித்துத் தள்ளியதால் இன்றைக்கும் மலிவுதான்.

"கை படாதது அண்ணே" என்றுதான் விற்ற தம்பி கொடுத்தார். வீட்டுக்கு வந்து உறையிலிருந்து எடுத்தால், ஆஸ்ட்ரோஸ் அட்டையின் மூலை மடங்கியிருக்கிறது. நகத்தால் நீவிப் பார்த்தேன், வெள்ளைக் கோடு போகவில்லை.

அப்புறம் முதல் அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் வருட வாரியாகப் பொடி எழுத்துக் கணக்கு. 1973க்கு நேரே 383 ஸ்ட்ரைக் அவுட், அதாவது மட்டைக்காரரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாக்கியது. நவீன பேஸ்பாலில் ஒரே சீசனில் அதைத் தாண்டியவர் இல்லை. நான் பள்ளியில் சாஃப்ட்பால் பிட்சர், பந்து வீசுபவன். நான்கு பந்தைத் தப்பாக வீசி மட்டைக்காரரைச் சும்மா முதல் தளத்துக்கு அனுப்பும் 'வாக்' கொடுத்தே கோச்சிடம் திட்டு வாங்கியவன். ரயன் கொடுத்த வாக் மொத்தம் 2,795, அதிலும் அவர்தான் முதலிடம் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் கோச்சிடம் சொல்லியிருப்பேன்!

அட்டைக் கணக்கு 1989இல், 5,076 ஸ்ட்ரைக் அவுட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் மனிதர் நிற்கவில்லையே. எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம் அதற்குப் பிறகும் இரண்டு. 1991 மே 1இல் டொரோன்டோவுக்கு எதிராக வீசியது அவர் வாழ்க்கையில் அப்படி ஏழாவது ஆட்டம். அப்போது அவருக்கு வயது 44. கடைசியாக அவுட்டானது ரொபர்ட்டோ அலோமார், அதுவும் ஸ்ட்ரைக் அவுட். 1993இல் முழங்கைத் தசைநார் கிழிந்த பிறகுதான் ஓய்ந்தார்.

இதெல்லாம் அச்சில் இல்லை. ஆனால் கீழ் ஓரத்தில் யாரோ நீலப் பேனாவால் நுணுக்கி எழுதியிருக்கிறார்கள்: 232, 203, 157, 46. முதலில் எரிச்சலாக இருந்தது. மூலை மடிப்பு போதாதென்று கிறுக்கலுமா? பிறகு ஏதோ தோன்றி அச்சில் இருந்த 5,076ஓடு கூட்டிப் பார்த்தேன். 5,714. கடைசி ஆட்டம்வரை அவர் எடுத்த மொத்த ஸ்ட்ரைக் அவுட், ஒன்றுகூடக் குறையவில்லை. சேகரிப்பவர்கள் இந்த அட்டையைத் தொடமாட்டார்கள். எனக்கு இதுதான் ஐந்திலும் உசத்தி.

மடிப்பைப் படம் எடுத்து அனுப்பியதும், "சாரி அண்ணே, 5 வெள்ளி திருப்பித் தரவா?" என்று தம்பி கேட்டார். அதெல்லாம் வேண்டாம், அந்தப் பேனாக்காரர் வீட்டு அட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.