ஆம்ப்பில் பியூஸ் போனால்: ஒரு இழை கம்பியா, கடையில் கிடைத்ததா, எழுத்துப் பார்த்து வாங்கியதா?

வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு வீட்டில் பாட்டு பாதியில் நின்று, ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபயரின்) விளக்கும் அணைந்துவிட்டால் யோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ஒருத்தர் வயரில் ஒரு இழையை உருவி பியூஸ் மேல் சுற்றச் சொல்வார். இன்னொருத்தர் முனைக்கடையில் கண்ணாடி பியூஸ் ஒன்று வாங்கிப் போடச் சொல்வார். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி ஸ்ட்ரீட் போய் அதே பியூஸைத் தேடிப் பிடி என்பார் மூன்றாமவர். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பேசாமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடு என்பார்கள்.

நாலுமே இங்கே வழக்கத்தில் உள்ளவைதான். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பியூஸின் மூடியில் பொறித்திருக்கும் எண்ணையும் எழுத்தையும் அப்படியே பார்த்து வாங்கியதை ஒரே ஒரு முறை போடலாம். அதுவும் போனால் மெக்கானிக். மற்ற இரண்டையும் செய்யாதீர்கள். ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

கண்ணால் பார்ப்பதா, மீட்டர் வைப்பதா

முதலில் போனது பியூஸ்தானா என்று தெரிய வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பல செட்டுகளில் பின்பக்கமே ஒரு கறுப்பு மூடி இருக்கும், அரைச் சுற்று திருப்பினால் பியூஸோடு வெளியே வரும். சிலவற்றில் பவர் கார்டு சொருகும் இடத்திலேயே சின்ன டிராயர் இருக்கும். அதை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு ஸ்பேர் பியூஸும் இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் இல்லையென்றால் பியூஸ் உள்ளே போர்டில் இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன் கொஞ்ச நேரம் பொறுங்கள். உருளை மாதிரி இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பொறுத்த பிறகும் அவற்றின் கால்களில் கை படாமல் வேலை செய்யுங்கள்.

கண்ணாடி பியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது எப்படிப் போனது என்றே ஓரளவு சொல்லிவிடலாம். கண்ணாடி தெளிவாக இருந்து, நடுக்கம்பி மட்டும் ஓரிடத்தில் அறுந்து தொங்கினால் ரேட்டிங்கை (மூடியில் போட்டிருக்கும் ஆம்பியரை) விடக் கொஞ்சம் கூடுதலான கரண்ட் ஓடியிருக்கிறது, அல்லது பியூஸுக்கே வயதாகிவிட்டது. புதுசு போட்டுப் பார்ப்பது நியாயம். உட்புறம் முழுக்கக் கறுப்பாகவோ வெள்ளிப் பூச்சு அடித்த மாதிரியோ இருந்தால் கம்பி வெடித்து ஆவியாகியிருக்கிறது. உள்ளே எங்கோ ஷார்ட். புது பியூஸ் வாங்கப் போகும் முன்பே மெக்கானிக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கண் ஏமாறும். மூடிக்குள் மறைந்திருக்கும் முனையில் கம்பி விட்டுப் போயிருந்தால் வெளியே நன்றாகத்தான் தெரியும். செராமிக் பியூஸில் பார்க்கவே வழியில்லை. அதனால் மல்டிமீட்டர்தான் சரி. பியூஸை ஹோல்டரிலிருந்து வெளியே எடுத்து, பீப் அடிக்கும் இடத்தில் அல்லது 200 ஓம்ஸ் ரேஞ்சில் இரு முனையிலும் மீட்டர் வயர்களின் முனைகளை வையுங்கள். நல்ல பியூஸ் பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே காட்டும். போன பியூஸில் எண்ணே நகராது. பியூஸ் நன்றாக இருந்தும் செட் செத்துக் கிடந்தால், கார்டு, சுவிட்ச், அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் புதைத்து வைத்திருக்கும், சூடு மீறினால் அறுந்துவிடும் தெர்மல் பியூஸ் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரு இழை கம்பி

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மெயின் போர்டில் பியூஸ் கட்டை இருக்கும். அதில் கம்பி கட்டியே பழகிய கைகள் நிறைய. அந்தப் பழக்கம்தான் ஆம்ப்புக்கும் வருகிறது. 'ஒரே ஒரு இழைதானே, லோடு அதிகமானால் அதுவே உருகிவிடும்' என்பதுதான் வாதம். கணக்குப் போட்டால் வாதம் நிற்காது.

சாதாரண 0.75 சதுர மில்லிமீட்டர் வயரைச் சீவினால் உள்ளே 0.2 மில்லிமீட்டர் தடிமனில் 24 செம்பு இழைகள் இருக்கும். அதில் ஒரே ஒரு இழை உருகுவதற்கே சுமார் 7 ஆம்பியர் ஓட வேண்டும். 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 1,600 வாட். வீட்டு ஆம்ப்பில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 100, 200 வாட் தாங்கச் சுற்றியது.

இப்போது உள்ளே ஒரு டயோடு ஷார்ட் ஆகி, டிரான்ஸ்ஃபார்மர் 5 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் ஸ்லோ பியூஸ் (கொஞ்சம் தாமதித்து அறுவது) இருந்தால் சில நொடிகளில் அறுந்துவிடும். 7 ஆம்பியர் இழைக்கு இந்த 5 ஒரு பொருட்டே இல்லை. வீட்டு எம்.சி.பி. (மெயின் போர்டில் தானாக விழும் சுவிட்ச்) காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. 10 அல்லது 16 ஆம்பியர் எம்.சி.பி. சுவருக்குள் ஓடும் ஒயரிங்கைக் காப்பதற்காக இருப்பது, 5 ஆம்பியருக்கு அது அசையாது. டிரான்ஸ்ஃபார்மர்தான் வேகும். முதலில் வார்னிஷ் வாடை, அப்புறம் புகை. செட் மர ஷெல்ஃபுக்குள் இருந்து, பக்கத்தில் திரைச்சீலையும் தொங்கி, வீட்டில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சிகரெட் பெட்டி ஃபாயிலைச் சுற்றுவதும் இதே கதைதான். அது எத்தனை ஆம்பியரில் விடும் என்று எந்தக் கணக்கும் கிடையாது.

'ஒரு ராத்திரிக்கு மட்டும்' என்று போடும் கம்பி வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பாட்டு வந்துவிட்டால் அதை யாரும் திரும்பத் திறப்பதில்லை. இந்த வழிக்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை.

ஆம்பியர் சரி, எழுத்து?

முனைக்கடை பியூஸ் கம்பியை விட எவ்வளவோ மேல். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. “அண்ணே, ரெண்டு ஆம்பியர், டி டைப் இருக்கா?” என்று கேட்டால், “எல்லாம் ஒண்ணுதான் தம்பி, ஆம்பியர் மட்டும் சொல்லு” என்று பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பார். கடைக்காரர்மேல் தப்பில்லை, அவரிடம் கேட்டு வருகிறவர்கள் ஆம்பியரைத்தான் கேட்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒன்றில்லை.

பழைய பியூஸின் உலோக மூடியைச் சாய்த்துப் பாருங்கள். 'டி 2 ஏ எல் 250 வி' (T2AL250V) என்பதுபோல ஆங்கில எழுத்தில் பொடியாகப் பொறித்திருக்கும். முதல் எழுத்து வேகம்: எஃப் என்றால் சட்டென்று அறுவது, டி என்றால் கொஞ்சம் தாமதித்து அறுவது. ஐ.இ.சி. 60127 என்ற சர்வதேசத் தரத்தின்படி, ரேட்டிங்கைப் போல பத்து மடங்கு கரண்ட் ஓடினால் எஃப் வகைக் கண்ணாடி பியூஸ் 20 மில்லிசெகண்டுக்குள் அறுந்தாக வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஒரே ஒரு சுழற்சி. டி வகை அதே பத்து மடங்கை 20 முதல் 300 மில்லிசெகண்ட் வரை தாங்கலாம்.

இந்தச் சின்ன இடைவெளிதான் ஆம்ப்புக்கு முக்கியம். ஆன் செய்யும் கணத்தில் காலியாக இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்ப வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தம் ஏற வேண்டும். அந்தக் கணத்தில் வழக்கமான கரண்டைப் போல பத்து மடங்குகூட உள்ளே பாயும். வளையம் மாதிரி இருக்கும் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மரில் இந்தப் பாய்ச்சல் இன்னும் மோசம். ஒரு நொடிக்குள் எல்லாம் அடங்கிவிடும். டி பியூஸ் இதைப் பொறுத்துக்கொள்ளும், எஃப் பியூஸ் அறுந்துவிடும். செட்டில் கோளாறே இல்லாமல்.

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. புதுசாகப் போட்ட 2 ஆம்பியர் எஃப் பியூஸ் ஆன் செய்ததுமே போகிறது. '2 பத்தலை' என்று 3 வாங்குகிறார்கள், அதுவும் போனால் 5. ஐந்தாம்பியர் நிற்கிறது, பாட்டும் வருகிறது. ஆனால் அந்த செட்டுக்கு இனிமேல் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது அதே 2 ஆம்பியர்தான், எழுத்து மட்டும் டி.

தலைகீழாகவும் செய்யக் கூடாது. உள்ளே போர்டில், டிரான்ஸிஸ்டர்களுக்குப் போகும் சப்ளையில் எஃப் போட்டிருந்தால் அங்கே எஃப்தான் வேண்டும். பியூஸ் அறுவதற்கு முன் டிரான்ஸிஸ்டர் போய்விடுவது உண்டு, உண்மைதான். ஆனாலும் எவ்வளவு சீக்கிரம் அறுகிறதோ அவ்வளவுக்கு ஸ்பீக்கர் பிழைக்கும்.

மூடியில் எழுத்து தேய்ந்துவிட்டால் செட்டின் பின்பக்கத்திலோ, போர்டில் ஹோல்டர் பக்கத்திலோ அச்சிட்டிருப்பார்கள். அங்கே 115 வோல்ட்டுக்கு ஒன்று, 230-க்கு ஒன்று என இரண்டு எண் இருந்தால் நமக்கு 230-க்கு உள்ளதுதான். எழுத்தே பார்க்காத அசெம்பிள் செட்டுகளுக்கு, 4440 என்ற ஆம்ப் ஐ.சி. உள்ள போர்டு போட்டு லோக்கலில் செய்து கொடுத்தவை நம் ஏரியாவில் நிறைய, டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக் கணக்குப் போடலாம். 12-0-12 வோல்ட் (இரு முனைக்கும் நடுவே 24 வோல்ட்), 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 24-ஐ 5-ஆல் பெருக்க 120 வாட். 230-ஆல் வகுத்தால் அரை ஆம்பியர் சொச்சம். மெயின்ஸ் பக்கம் 1 ஆம்பியர் டி போதும். அதில் 5 ஆம்பியர் போட்டிருப்பதைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம்.

கரண்ட் போய்ப் போய் வரும் ராத்திரிகளில் ஒன்று செய்யுங்கள். செட்டின் சுவிட்சை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு முறை கரண்ட் திரும்பும்போதும் அந்தப் பாய்ச்சல் பியூஸ் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது.

மற்ற எழுத்துகள்

கடைசியில் வரும் எல், ஹெச் என்பவை, ஷார்ட் ஆகும்போது எவ்வளவு கரண்டை வெடிக்காமல் துண்டிக்க முடியும் என்பதைச் சொல்பவை. எல் என்றால் 35 ஆம்பியர் அல்லது ரேட்டிங்கைப் போல பத்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. ஹெச் என்றால் 1,500 ஆம்பியர். எல் பெரும்பாலும் கண்ணாடி, ஹெச் பெரும்பாலும் உள்ளே மணல் நிரப்பிய செராமிக். ஹெச் இருந்த இடத்தில் கண்ணாடி போடாதீர்கள். கண்ணாடி இருந்த இடத்தில் அதே வேகம், அதே ஆம்பியர் உள்ள செராமிக் போடுவதில் தவறில்லை.

250 வோல்ட் என்பதையும் விடாதீர்கள். வண்டி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் கண்ணாடி பியூஸ் பார்க்க அதே மாதிரி இருக்கும், 32 வோல்ட்டுக்குத்தான் செய்தது. 230 வோல்ட்டில் கம்பி அறுந்த பிறகும் உள்ளே நெருப்புப் பொறி அணையாமல் ஓடலாம். அளவு இரண்டுதான் அதிகம் வரும்: 5-க்கு 20 மில்லிமீட்டர், 6.3-க்கு 32. போர்டிலேயே பற்றவைத்த பியூஸ் என்றால் கால் வைத்த பியூஸாக வாங்குங்கள். சாதா பியூஸின் மூடியில் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் உள்ளே இருக்கும் இணைப்பே விட்டுப் போகும்.

பாட்டு நன்றாகக் கேட்கும் என்று ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் பியூஸ்களும் உண்டு. அந்தக் காசை ஸ்பீக்கருக்குப் போடுங்கள்.

எங்கே வாங்குவது

டி வகை முனைக்கடையில் கிடைக்காவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்தான் எளிது. திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கமிருந்து மெட்ரோவில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பழைய பியூஸைக் கையோடு கொண்டு போங்கள். ஒன்று கேட்காமல் நாலைந்தாக வாங்கி, ஆம்ப்பின் அடியிலேயே டேப் போட்டு ஒட்டி வையுங்கள். சில ரூபாய் சமாச்சாரம். ஆன்லைனில் கிடைக்கும் கலவைப் பெட்டிகளில் பெரும்பாலும் எஃப்தான் வரும், எழுத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று கடலை ஒட்டிய வீடுகளுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் பியூஸ் ஹோல்டரின் கிளிப் பச்சை பூத்துத் தளர்ந்துவிடும். தளர்ந்த இடம் சூடாகும், அந்தச் சூட்டிலேயே நல்ல பியூஸ் விட்டுப் போகும். பியூஸின் மூடி நிறம் மாறி இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். ஹோல்டரையே மாற்றிவிடுங்கள், பியூஸ் மாற்றி மாற்றிப் பயனில்லை.

மெக்கானிக் எப்போது

சரியான எழுத்தும் எண்ணும் பார்த்துப் போட்ட பியூஸ் உடனே போனால் மூன்றாவதைப் போடாதீர்கள். மெக்கானிக் கடையில் சீரிஸ் போர்டு இருக்கும்: 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைத் தொடராக வைத்து, அதன் வழியே செட்டுக்குக் கரண்ட் கொடுப்பார். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். ஒரு பியூஸும் வீணாகாமல், எதுவும் புகையாமல் கோளாறு தெரிந்துவிடும். அதனால்தான் அங்கே கொடுக்கும் கூலியை நான் வீண் செலவாக நினைப்பதில்லை. வழக்கமாக போயிருப்பது டயோடு, அவுட்புட் டிரான்ஸிஸ்டர் அல்லது ஐ.சி.; பெரும்பாலும் மாற்றக்கூடியவைதான்.

சவுண்ட்பார் போன்ற எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் பவர் சப்ளை) செட்டுகளில் முதல் பியூஸையே நீங்கள் மாற்ற வேண்டாம். அங்கே பியூஸ் போனால் பின்னாலிருக்கும் ஸ்விட்சிங் டிரான்ஸிஸ்டரும் போயிருப்பதுதான் வழக்கம், கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை டி.சி. நிற்கும்.

மெக்கானிக்கிடம் போகும்போது போன பியூஸ்களையும் எடுத்துச் செல்லுங்கள். ஆன் செய்ததும் போனதா, சத்தம் கூட்டியபோது போனதா, ஸ்பீக்கர் வயர் ஒன்றோடொன்று உரசியதா என்று சொல்லுங்கள். செட்டைத் திரும்ப வாங்கும்போது ஹோல்டரைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே போட்டிருக்கும் பியூஸின் எழுத்தைப் படித்துப் பாருங்கள்.